சலாலாவில் எங்கள் அவரைப் பந்தல்

மூன்று மாதம் ஈரம் குடித்த இலவம்பஞ்சுத் தலையணையை முதல் வெயிலில் காயப் போட்டால் ஒரு வாசனை கிளம்பும். பூஞ்சணமும் தேங்காயெண்ணெயும் பழந்துணியும் கலந்து, பாதி நாற்றமும் பாதி மணமுமாக, மூக்கைப் புதைத்துத் தும்மிவிட்டு மறுபடியும் புதைக்கச் சொல்லும் வாசனை. பள்ளிப் புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று படித்தபோதெல்லாம் எனக்கு உதிர்கிற இலை எதுவும் கண்ணுக்குள் வந்ததில்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலின் மேல் வரிசையாகக் கிடந்த அந்தத் தலையணைகள்தான் வந்தன.

"வளைகுடாவில் வளர்ந்தவள்" என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் முகம் உடனே இரக்கமாகி, "ஐயோ, அந்த வெயிலை எப்படித்தான் தாங்கினீங்களோ" என்பார். எனக்குச் சுர்ரென்று வரும். தம்மாமுக்கும் துபாய்க்கும் அது சரி. நான் வளர்ந்தது ஓமானின் தென்கோடியில், தென்னையும் வாழையும் பப்பாளியும் கடற்கரை வரைக்கும் நிற்கிற சலாலாவில். அங்கே நாங்கள் வெயிலுக்கு ஏங்கினோம் ஐயா, ஏங்கினோம்! ஆனி பிறந்ததும் கடலிலிருந்து மூட்டம் ஏறி வந்து மலையில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன்பிறகு ஆவணி கழிகிற வரைக்கும் மழையென்றும் சொல்ல முடியாத, பனியென்றும் சொல்ல முடியாத ஒரு தூறல். ஊர்க்காரர்கள் அதைக் "கரீஃப்" என்பார்கள். அந்த நாட்களில் தீக்குச்சி பற்றாது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், அப்பளம் துணி மாதிரி மடங்கும், அம்மாவின் கல்யாணப் புடவையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். "இந்த வீட்டுல காயறது என் தொண்டை ஒண்ணுதான்" என்று அம்மா கத்திக்கொண்டே இருப்பாள்.

பிறகு புரட்டாசியில் ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல், சமையலறை ஜன்னல் வழியாக ஒரு கீற்று வெயில் வந்து அடுப்பு மேடையில் விழும். அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, "ஏண்டி செல்வி, எழுந்திரு, எழுந்திரு, வந்துட்டான்!" என்று கூவுவாள். ஏதோ வெளியூர் போயிருந்த அண்ணன் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கும் அந்தக் குரல். அன்றைக்கு வீட்டில் இருக்கும் அரிசி, பருப்பு, மிளகாய், பாய், பெட்டி, செருப்பு எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். அப்பா டூட்டிக்குக் கிளம்பும்போது, "என்னையும் காயப் போட்டுடப் போறா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பார்.

பண்ணை என்று நான் சொல்வதைக் கேட்டு யாரும் ஏக்கர் கணக்கில் கற்பனை செய்ய வேண்டாம். அது எங்களுடையதும் இல்லை. அப்பா பம்பு எஞ்சின் மெக்கானிக். திருச்சியில் டிப்ளமோ படித்துவிட்டு, மலையில் சண்டை ஓய்ந்த புதிதில், எழுபதுகளின் நடுவில், அந்த ஊருக்கு வந்தவர். கடலோரத் தோட்டங்களில் இருந்த டீசல் எஞ்சின்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். அவருடைய "கஃபீல்", அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற அரபி முதலாளி, தன் தோட்டத்தின் கிழக்கு மூலையில் இரண்டு அறையுள்ள ஒரு சிமெண்ட் வீட்டைக் கொடுத்து, சுற்றியிருந்த நிலத்தையும் காட்டி, இதில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள், என் எஞ்சின் மட்டும் நிற்கக் கூடாது என்றாராம். ஒன்பது தென்னை, முப்பது முப்பத்தைந்து வாழை, வேலியோரம் பப்பாளி, நடுவில் கொஞ்சம் வெற்று மண், அவ்வளவுதான் எங்கள் பண்ணை. முசிறிப் பக்கத்து விவசாயி மகளான என் அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. அவளுக்கு நான் ஒரே பிள்ளை; நிலம் வந்ததும் இரண்டாவது ஒன்று வந்துவிட்டது என்று அப்பா கேலி செய்வார்.

முதல் வருஷம் அம்மா செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். லீவுக்குப் போய் வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்த தினசரிக் காலண்டர் அடுப்புக்கு மேல் தொங்கும். அதில் ஆடி ஒன்றாம் தேதித் தாள் வந்ததுதான் தாமதம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலத்தில் இறங்கிவிட்டாள். வெளியே தூறல், மூட்டம், பத்தடிக்கு அப்பால் தென்னை தெரியவில்லை. ஆடி என்றால் விதைக்க வேண்டும், அதற்கு மேல் அவளுக்குப் பேச்சே கிடையாது. ஊரிலிருந்து சுருக்குப் பையில் முடிந்து, புடவை மடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்த அவரையும் கொத்தவரையும் கத்தரியும் அன்றைக்குப் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போயின. கஃபீலின் மனைவியை மூத்த மகன் பெயரால் எல்லோரும் "உம்மு சயீத்" என்று அழைப்பார்கள். அந்த அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி, "லா, லா! ஷம்ஸ் மாஃபி!" என்று கத்தினாள். வெயில் இல்லை, வேண்டாம் என்று அர்த்தம். அம்மா சிரித்தபடி தலையாட்டிவிட்டு என்னிடம், "எங்கப்பா காலத்துலேருந்து ஆடியிலதான் வெதைக்கிறோம். இவங்க என்ன எனக்குச் சொல்லிக் குடுக்கிறது?" என்றாள்.

பதினைந்தாம் நாள் தோண்டிப் பார்த்தால் அவரை விதை உள்ளேயே ஊறிக் கொழகொழவென்று கிடந்தது. முளைத்த ஒன்றிரண்டையும் நத்தை தின்றிருந்தது. அம்மா அந்த ஈர வரப்பில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில்கூட அழாதவள், ஒரு பிடி அவரைக்காக அழுதாள். மறு வருஷம் புதுக் காலண்டர் வந்ததும் முதல் வேலையாக ஆடி மாதத் தாளைத் தேடிப் பிடித்து, பென்சிலால் "இங்க இல்ல" என்று எழுதி வைத்தாள். மிச்சமிருந்த விதையைப் புரட்டாசி வெயிலில் ஊன்றியபோது அது திகுதிகுவென்று கொடியோடி, தை மாதம் நாங்களும் தின்று, உம்மு சயீத் வீட்டுக்கும் கொடுத்து, விதைக்கும் எடுத்து வைக்கிற அளவுக்குக் காய்த்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் வருஷம் புரட்டாசியில்தான் பிறந்தது.

வெயில் திரும்பிய பிறகு வரும் அந்த நாற்பது ஐம்பது நாட்களை நான் எப்படிச் சொல்வது! கரீஃபில் மூடிக் கிடந்த மலை திடீரென்று பச்சைப் பசேலென்று எதிரில் வந்து நிற்கும். நாளுக்கு நாள் அந்தப் பச்சை பழுத்துக்கொண்டே போகும். அதுவரை கீழே கட்டிப்போட்டிருந்த ஒட்டகங்களை மேய்ச்சலுக்காக வரிசையாக மலைப்பக்கம் ஓட்டிப் போவார்கள். சீறிக்கொண்டிருந்த கடல் அடங்கி, படகுகள் இறங்கி, கரையெல்லாம் மத்தி மீனைக் காயப் போடுவார்கள். காற்று திரும்பினால் எங்கள் வீட்டுத் தயிர்சாதம் வரைக்கும் மத்தி வாசனை வரும். உம்மு சயீத் தன் வீட்டுத் துணிகளையெல்லாம் மூங்கில் கூடு மாதிரி ஒன்றின்மேல் விரித்து, அடியில் சாம்பிராணிப் புகை போடுவாள். அம்மாவின் கல்யாணப் புடவைக்கும் அந்தப் புகை கிடைத்தது. அடேயப்பா, அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா நடந்தால் கோயிலே எழுந்து நடப்பதுபோல மணக்கும்.

வேலைக்கும் பஞ்சமில்லை. வாழையில் கறுத்துத் தொங்கும் இலைகளை அறுத்துப் போட வேண்டும், களை மூடிய வாய்க்காலைத் தூர் எடுக்க வேண்டும், ஈரத்தில் சாய்ந்த வேலிக்குப் புது மட்டை கட்ட வேண்டும், அவரைக்குப் பந்தல் போட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் பெருமாள் அண்ணன் வந்துவிடுவார். பரமக்குடிப் பக்கம், ரோடு போடும் கம்பெனியில் காண்டிராக்டில் வந்து, முப்பது பேரோடு கேம்பில் இருந்தவர். அம்மா கையால் ஒரு வேளை சாப்பிடத்தான் வருகிறார் என்று பெயர், ஆனால் துவைத்த சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு முதலில் மண்வெட்டியைத்தான் தேடுவார். "ஆறு நாளும் தாரும் சல்லியுமா அள்ளுறேன்க்கா. மண்ணத் தொடலைன்னா கையி நமநமங்குது" என்பார். வாய்க்காலை அவர் தூர் எடுத்துக்கொண்டே போக, நான் பின்னாலேயே உப்புத்தண்ணீர் டின்னோடு நத்தை பொறுக்கிக்கொண்டு போவேன். பத்து நத்தைக்கு ஒரு தரம் அவர் என்னை "நத்தை டாக்டர்" என்று கூப்பிட்டாக வேண்டும், அதுதான் எங்களுக்குள் பேச்சு.

எனக்கென்றே இருந்த வேலை அவரை ஊன்றுவது. அம்மா ஆள்காட்டி விரலால் குழி போட்டுக்கொண்டே போவாள், நான் குழிக்கு இரண்டு விதை போட்டு, குதிகாலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே வருவேன். "ரெண்டு போடு. ஒண்ணு ஏமாத்தினாலும் ஒண்ணு வரும்" என்பாள் அம்மா. சாயங்காலம் அப்பா எஞ்சினைச் சுற்றிவிட, அது டுப் டுப் டுப் என்று இருமிக்கொண்டே எழுந்து, குழாய் வாயிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் சாடும். வாய்க்காலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் முழங்காலைத் தொடும்போது எனக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்த ஊரில் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இந்தியர் வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஓர் எஞ்சினியரின் மனைவி வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படிப்போம். அதற்குப் பிறகு ஊருக்கு, ஹாஸ்டலுக்கு. ஒவ்வொரு வருஷமும் எங்களில் பெரிய பிள்ளை ஒன்று மே மாதம் லீவுக்கு என்று கிளம்பிப் போகும், திரும்பி வராது. நான் ஐந்தாவதுக்கு வந்த வருஷம் என் முறை வந்தது. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளி ஹாஸ்டலில் அடுத்த ஜூனுக்கு இடம் இருக்கிறது, ஐப்பசி முடிவதற்குள் கையெழுத்துப் போட்ட ஃபாரம் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பாவின் சிநேகிதர் எழுதியிருந்தார். ஃபாரமும் கூடவே வந்திருந்தது. தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாத காலம். லீவில் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். பெருமாள் அண்ணன் மூன்று வருஷம் கழித்து முதல் லீவில் அந்த ஐப்பசியில்தான் போவதாக இருந்தார். "நானே நேர்ல போயி அந்த ஆபீசுல குடுத்துட்டுத்தான் என் வீட்டுப் படியவே மிதிப்பேன்" என்று அப்பாவிடம் சத்தியம் செய்தார்.

அந்தப் புரட்டாசியில் அவரை ஊன்றும்போது, ஆறாவது குழியிலோ ஏழாவது குழியிலோ, நான் அம்மாவைக் கேட்டேன்.

"அடுத்த வருஷம் நான் இல்லைன்னா யாரும்மா ரெண்டு ரெண்டா போடுவா?"

அம்மா நிமிரவில்லை. "பேசாம குழியப் பாரு" என்றாள். அடுத்த குழியை அவள் எவ்வளவு ஆழமாகப் போட்டாள் என்றால் விரல் முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது. அதில் விதை போட வேண்டாம் என்று அவளே மூடிவிட்டாள்.

எனக்குப் போக விருப்பமில்லை என்று வாய்விட்டுச் சொன்னேனா என்றால், இல்லை. அந்தக் காலத்தில் எங்களை யார் கேட்டார்கள்! படிப்பு விஷயத்தில் அப்பா பேசினால் பேசினதுதான். தன் டிப்ளமோவுக்கு மேல் ஒரு படி படித்திருந்தால் இந்தக் கிரீஸில் புரள வேண்டியதில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு புண் இருந்தது. அதை என்னை வைத்து ஆற்றிக்கொள்ள நினைத்தார், பாவம். பிறந்த தேதிச் சான்று, போட்டோ, கையெழுத்து எல்லாம் சேர்த்து, பழுப்பு உறையில் போட்டு, பெட்டிமேல் வைத்தார். போகும்போதும் வரும்போதும் நான் அந்த உறையைப் பார்க்காத மாதிரி பார்ப்பேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. பெருமாள் அண்ணனுக்கு விமானம் சனிக்கிழமை, பூஜை வியாழன். எங்கள் வீட்டில் அது பெரிய பண்டிகை, ஏனென்றால் சாமியறையில் என் புத்தகமும், அதற்குப் பக்கத்தில் அப்பாவின் ஸ்பேனர்களும், அம்மாவின் அரிவாளும் அரிவாள்மணையும் மண்வெட்டியும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். பொரி எங்கே கிடைக்கும்! கடையில் டப்பாவில் விற்ற கார்ன் ஃப்ளேக்ஸில் பொட்டுக்கடலையும் வெல்லமும் கலந்து அம்மா படைத்துவிடுவாள். சரஸ்வதி அதையும் ஏற்றுக்கொண்டாள் என்றுதான் தோன்றுகிறது. விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய் எஞ்சினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அரளி மாலை போட்டு, சூடம் காட்டினோம். அப்பா, "இன்னைக்கு இதுக்கு லீவு. யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, தனக்கு லீவில்லாததால் டூட்டிக்குக் கிளம்பினார். கிளம்புகிற நேரத்தில் அம்மா பெட்டிமேல் இருந்த உறையை எடுத்து, "படிப்பு விஷயமாச்சே, இதுவும் சரஸ்வதி பாதத்துல ஒரு நாள் இருக்கட்டும்" என்று என் புத்தக அடுக்குக்கு மேல் வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. நாளைக்கு விஜயதசமி, எடுத்துவிடலாம், சனிக்கிழமைதானே என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு, சாமி, இந்த ஃபாரம் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். படிப்புக்குரிய சாமியிடம் படிக்கப் போகாமல் இருக்க வரம் கேட்கிறோமே என்று பயமாகவும் இருந்தது. இருந்தும் மூன்று தரம் கேட்டேன்.

பத்து மணி இருக்கும். வேலிக்கு வெளியே ஒரு பிக்கப் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெருமாள் அண்ணன் புது பேண்ட், புது சட்டை, கையில் கயிறு கட்டிய பெட்டியோடு ஓடி வந்தார்.

"அக்கா, இன்னைக்கே கெளம்பச் சொல்லிட்டாய்ங்க! சனிக்கெழம சீட்டு மாறிப்போச்சாம். டிரைவர் பட்டாணிக்காரன் வேற ஜல்தி ஜல்தின்னு உசுர எடுக்கான். அந்த ஃபாரத்தக் குடுங்க, நா ஓடிர்றேன்."

அம்மா வாசற்படியில் நின்றாள். உள்ளே திரும்பி சாமியறையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு பெருமாள் அண்ணனிடம், "பூஜையில வச்சாச்சே பெருமாளு" என்றாள்.

"வச்சா என்னக்கா, எடுத்துக் குடுங்க."

"நாளைக்குப் புனர்பூஜை பண்ணாம எப்படி எடுக்கிறது? படிக்கிற பொண்ணோட காகிதம். எடுத்தா அவ படிப்புக்குத்தான் ஆகாது."

பெருமாள் அண்ணன் தலையைச் சொறிந்தார். சாமி விஷயம் என்றால் அவரும் வாய் திறக்க மாட்டார். "அதுவுஞ் சரிதான். சாமி குத்தம் ஆயிரக் கூடாதுல்ல. ஆனா அண்ணே என்னைய வைவாரே?" என்றார்.

"அவர நான் பாத்துக்கிறேன். நீ இரு, பசியோட போகாத" என்று அம்மா உள்ளே ஓடினாள். அரிவாளோடு வெளியே வந்து, வீட்டோரம் பழுத்துத் தொங்கிய வாழைத்தாரிலிருந்து இரண்டு சீப்பை ஒரே வெட்டில் அறுத்து அவர் கையில் திணித்தாள். கார்ன் ஃப்ளேக்ஸ் பொரியையும் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "யல்லா, யல்லா!" என்று டிரைவர் கத்த, பெருமாள் அண்ணன், "வாறேன் நத்தை டாக்டரு" என்று என் தலையில் தட்டிவிட்டு ஓடினார். பிக்கப் போன புழுதி அடங்குகிற வரைக்கும் நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமி கேட்டுவிட்டது! மூன்று தரம் கேட்டதற்கு மூன்று மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது!

அன்றைய கதை அதோடு முடியவில்லை. மத்தியானம் உம்மு சயீத் முக்காடு நழுவ வேலியோரம் ஓடி வந்தாள். அவள் போட்டிருந்த பப்பாளி நாற்றெல்லாம் புது வெயிலில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது; "மோய் மாஃபி! மக்கீனா லேஷ் பந்த்?" என்று கேட்டாள். தண்ணீர் இல்லையே, எஞ்சின் ஏன் நிற்கிறது என்று கேட்கிறாள். இன்றைக்கு எஞ்சினுக்குப் பூஜை, லீவு என்று அரபியில் எப்படிச் சொல்வது? நான் கையைக் கூப்பிக் காட்டி, எஞ்சின் தூங்குகிற மாதிரி நடித்துக்கூடப் பார்த்தேன். அம்மா நாற்றைப் பார்த்தாள், பந்தலடியில் வாடிக் கிடந்த எங்கள் அவரை முளைகளையும் பார்த்தாள். நேராக எஞ்சினிடம் போய் மாலையைக் கழற்றித் தூணில் மாட்டினாள், முந்தானையைச் செருகினாள், சுற்றுகிற கம்பியைப் போட்டு இரண்டு கையாலும் சுற்றினாள். மூன்றாம் சுற்றில் அது இருமிக்கொண்டு எழுந்தது. பொட்டு வைத்த எஞ்சின் குலுங்கியதில் குங்குமம் உதிர்ந்தது. "சாமி ஒண்ணும் சொல்லாது, விடு" என்றாள் என்னிடம். உம்மு சயீத் அம்மாவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். விஷயம் தெரிந்ததும் ஒரு வார்த்தை திட்டவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா, அப்பா கோவிச்சுக்குவாருன்னு" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சனிக்கிழமை அந்த உறையைத் தபாலில் போட்டார். மார்கழியில் பதில் வந்தது: இடமெல்லாம் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் விண்ணப்பிக்கவும்.

ஆக, எனக்கு இன்னொரு வருஷம் கிடைத்தது. இன்னொரு தை அறுவடை, இன்னொரு கரீஃப், எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு புரட்டாசி. அந்தப் புரட்டாசியில் நான்தான் கடைசிக் குழி வரைக்கும் இரண்டு இரண்டாக விதை போட்டேன். பெருமாள் அண்ணன் லீவு முடிந்து கல்யாணமாகித் திரும்பி வந்து, வாய்க்காலைத் தூர் எடுத்துக்கொண்டே தன் பெண்டாட்டியைப் பற்றிப் பேசினார். பந்தலுக்கு அந்த வருஷம் அவர் போட்ட கால்கள் இரும்பு மாதிரி நின்றன. சாமியிடம் தப்பான வரம் கேட்டுவிட்ட பயத்தில் நான் வெறிகொண்டு படித்தேன். ஆறாம் வகுப்புப் பாடத்தை அம்மா பந்தலடியிலேயே உட்கார்த்திவைத்து நடத்தினாள். அடுத்த தடவை ஃபாரம் நேரத்துக்குப் போனது. ஜூன் மாதம் ஹாஸ்டல் இரும்புக் கட்டிலில் படுத்தபோது தலையணை காய்ந்து மொறமொறப்பாக இருந்தது. அதில் எந்த வாசனையும் இல்லை. அன்று நான் அழுத அழுகையில் அது ஈரமானதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு சலாலாவுக்கு நான் விடுமுறையில்தான் போனேன், அதுவும் கோடை விடுமுறை. கரீஃப் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். புரட்டாசியை அங்கே மறுபடி நான் பார்க்கவே இல்லை. எண்பதுகளில் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உப்பாகி, வாழை கருகி, அப்பா எஞ்சின்களோடு மல்லுக்கட்டி ஓய்ந்து, இருவரும் ஊரோடு வந்துவிட்டார்கள். பெருமாள் அண்ணன் எங்கே போனார் என்று தெரியவில்லை. இப்போது அந்த இடத்தில் அகலமான சாலையும் கார் கழுவும் கடையும் இருப்பதாக, அங்கே வேலை பார்க்கும் என் கணவரின் தம்பி படம் எடுத்து அனுப்பினான். படத்தின் ஓரத்தில் ஒற்றைத் தென்னை ஒன்று நிற்கிறது. எங்கள் ஒன்பதில் ஒன்றா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், தெரியவில்லை. அப்பாவும் இப்போது இல்லை.

போன வருஷம் திருச்சியில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு என் மகளின் லேப்டாப்பையும் வைத்துப் பொட்டு வைத்திருந்தேன். அரைமணி நேரம் ஆகவில்லை, "அம்மா, மீட்டிங் இருக்கு" என்று அவள் வந்து கையை நீட்டுகிறாள். எனக்கு வந்ததே கோபம்! "நாளைக்குப் புனர்பூஜை முடியாம ஒண்ணும் எடுக்கக் கூடாது" என்று கத்தினேன். சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, எண்பது தாண்டியவள், வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "எடுத்துக்கட்டும், விடு. சாமி ஒண்ணும் சொல்லாது" என்றாள்.

மகள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எஞ்சின் முன்னால் முந்தானையைச் செருகிக்கொண்டு அம்மா நின்றது கண்ணில் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது: பெருமாள் அண்ணனுக்குச் சீப்பு அறுத்த அரிவாள். அது எங்கே இருந்தது? பூஜையில்தான் இருந்தது. என் புத்தக அடுக்குக்குப் பக்கத்தில், அந்தப் பழுப்பு உறைக்கு ஒரு முழம் தள்ளி. அதன் தகட்டில் சந்தனப் பொட்டு இருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெட்டிய வாழைக்காம்பின் பாலில் அது கரைந்ததையும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, நாற்பது வருஷத்துக்கு மேலாக, எல்லாம் சரஸ்வதி செய்தது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள்!

அவள் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அன்னைக்கு அரிவாள எடுத்தே. எஞ்சினையும் எடுத்தே. அந்த ஃபாரத்த மட்டும் ஏம்மா எடுத்துக் குடுக்கல?"

எந்த ஃபாரம், எந்த அரிவாள் என்று அவள் கேட்கவே இல்லை. வெயில் பட்ட முதுகை இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

"அவரை போட்டிருந்தோம்ல" என்றாள். "பறிக்க ஆள் வேணாமா?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மனசு கணக்குப் போட்டது. அந்த அவரை தையிலேயே காய்த்துவிட்டது; ஃபாரம் ஒழுங்காகப் போயிருந்தாலும் நான் ஜூனில்தான் கிளம்பியிருப்பேன். அதைப் பறிக்க நான் எப்படியும் அங்கே இருந்திருப்பேன். அம்மா சொன்னது அந்த வருஷத்து அவரையை அல்ல, இன்னும் ஊன்றாத அடுத்த வருஷத்து அவரையை.